களிமண்ணும் கல்லூரியும்

பரோடா என்று நாம் இன்னும் வாய் நிறைய அழைத்துவரும் வடோதரா நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் கோயலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையோ, உரத் தொழிற்சாலையையோ, இரயில்வேயையோ, வங்கிகளையோ நம்பி வந்தவை. மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் கணக்குப் பயிற்சிக்குச் செல்வர். சிலர் பாட்டும் பரதமும் கற்பர். பெரியவர்களுக்குக் கோயில் உண்டு. சங்கத்து நூலகம் உண்டு. களிமண் பிசைவதற்கென்று மாலை வகுப்புக்குப் போனவர் நம்மில் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே, சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு நம் சங்கத்து உறுப்பினராகிய நாங்கள் ஐவர் இந்நகரக் கல்லூரி ஒன்றின் மண்பாண்டக் கலைக்கூடத்தில், தொடக்க நிலை மாணவர்களாகப் பெயர் பதிந்துகொண்டோம் என்ற செய்தி பரவியபோது, "சட்டி பானை செய்யவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டவர் பலர். அவர்களுக்குத் தனித்தனியே விடை கூறி வந்ததை ஒருங்கே எழுதித் தருமாறு பத்திரிகைக் குழுவினர் கேட்டுக்கொண்டதன் பயன் இக்கட்டுரை.

ஐவர் யார் யார் என்று கூறிவிடுதல் நலம். ஓய்வு பெற்ற ஆலைப் பொறியாளர் ஒருவர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அம்மாள் ஒருவர். வங்கியில் பணிபுரியும் கணவனும் மனைவியும். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி. கிழமைக்கு இரண்டு மாலைகள் வீதம் 16 வாரங்கள் வகுப்பு நடந்தது.

இக்கலையைக் கற்பதற்கு இந்நகரத்தைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அதிகம் இல்லை. மூன்றாம் சாயாஜிராவ் மன்னர் 1890-ஆம் ஆண்டிலேயே இங்குக் கலாபவன் என்னும் தொழிற்கலைக் கூடத்தை ஏற்படுத்தினார். அவர் பெயரால் 1949-இல் பல்கலைக்கழகம் எழுந்தது. அடுத்த ஆண்டே அதன் கவின்கலைப் பிரிவு தோன்றியது. அங்கே பயின்று, பின்னர் பல்லாண்டுகள் அங்கேயே மண்பாண்டக் கலையைப் பயிற்றுவித்த ஜோத்ஸ்னா பட் அம்மையார் 2020-இல் மறைந்தார். அவர் செய்த பூனைகளையும் ஆந்தைகளையும் தாமரை மொட்டுகளையும் கண்டவர்கள், களிமண்ணுக்கு இத்தனை மென்மை உண்டா என வியப்பர். இன்னொருவரை நாம் உரிமையோடு நினைக்கலாம். 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, பின்னர் ஓவியராகிய கே. ஜி. சுப்பிரமணியன் இந்நகரில் நெடுங்காலம் ஆசிரியராக விளங்கினார். லக்னோ ரவீந்திராலயத்தின் சுவரில் 1963-இல் அவர் அமைத்த பெருஞ்சித்திரம் முழுவதும் சுட்ட மண் ஓடுகளால் ஆனது. அவ்வழியே செல்லும் நம்மவர் ஒரு கணம் நின்று பார்த்தல் தகும்.

இனி வகுப்புக்கு வருவோம். நீண்ட கூடம், சுவரோரமாக மின்சாரத்தால் சுழலும் எட்டுச் சக்கரங்கள், நடுவே சாக்குத் துணி விரித்த பலகைகள், கோடியில் ஆளுயரச் சூளை. ஆசிரியை வயதில் எங்களுள் நால்வரைவிட இளையவர். இந்நாட்டு வழக்கப்படி அவர் பெயரோடு 'பென்' என்று சேர்த்து அழைத்தோம். முதல் நாளில் அவர் கூறிய முதல் விதி கலையைப் பற்றியதன்று, துடைப்பத்தைப் பற்றியது. உலர்ந்த களிமண் தூளைக் கூடத்துக்குள் பெருக்கலாகாது. ஈரத் துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். அத்தூளில் உள்ள நுண்ணிய சிலிக்கா நெடுங்காலம் மூச்சோடு உட்சென்றால் நுரையீரல் கெட்டியாகிப் போகும். நாள்தோறும் வீடு பெருக்கிப் பழகிய கைகளுக்கு இவ்விதியைக் கடைப்பிடிப்பதே கடினமாயிருந்தது.

முதல் இரண்டு வாரங்கள் சக்கரத்தின் பக்கம் போகவே அனுமதி இல்லை. மண்ணைப் பிசைந்தோம். பிசைதல் என்றால் இலேசில் முடியும் காரியமன்று. மண் முழுவதும் ஒரே பதமாக வர வேண்டும். நடுவில் ஒரு கட்டியும் இருக்கலாகாது. காற்றுக் குமிழி தங்கலாகாது. பொறியாளர் ஐயா நூறு முறை அமுக்கி எண்ணிக் கணக்கு வைத்தார். திருநெல்வேலி அம்மாளோ எண்ணவில்லை. விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தளர்ச்சியா இருக்கு, காத்தாட விடணும்" என்றார். ஆசிரியை வந்து தொட்டுப் பார்த்து அதையே சொன்னார். முறுக்கு மாவுக்கும் அதிரசப் பாகுக்கும் பதம் கண்ட கை அது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நம் அடுக்களைகளில் வழங்கும் சொற்களுக்கு இணையான பதங்கள் களிமண்ணுக்கும் உண்டு. தளர்ந்த மண் சக்கரத்துக்கு ஆகும். செய்த பாண்டம் சற்றே விறைத்துத் தோல்போல் ஆன பதத்தில் கைப்பிடி ஒட்டலாம், அடியைச் செதுக்கலாம். முற்றும் உலர்ந்த பின் அதில் எதையும் ஒட்ட முடியாது. ஒரு நாள் பிந்தினால் பதம் தவறிவிடும். இதனை நூலில் படித்து அறிதல் அரிது.

மூன்றாம் வாரத்தில் சக்கரத்தின் முன் அமர்ந்தோம். அரைக் கிலோ மண்ணை உருண்டையாக்கிச் சக்கரத்தின் நடுவில் அறைந்து, நீர் தொட்டு, இரு கைகளாலும் அணைத்து, அதனை ஆடாமல் சுழலச் செய்ய வேண்டும். இதற்கு மையத்தில் நிறுத்துதல் என்று பெயர். காண்பதற்கு ஒன்றுமே இல்லாத இக்காரியத்தில் எங்களுக்கு ஐந்து வாரங்கள் கழிந்தன. உருண்டை கோணலாகச் சுற்றும்போது கையும் அதனுடன் சேர்ந்து ஆடுவது இயல்பு. கை ஆடினால் மண் என்றுமே நேராகாது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை அடக்கி, கையை அசையாமல் நிறுத்தினால், மண் தானாகவே கைக்குள் வந்து அடங்கும். வலிமையால் ஆவதன்று இது. வங்கி நண்பர் உடற்பயிற்சி செய்து தோள் பருத்தவர். அவர் மண்ணே அனைவரினும் அதிகமாகக் கூடத்தின் சுவரில் தெறித்தது.

மையத்தில் நின்ற பின் கட்டைவிரலால் நடுவில் குழித்து, உள்ளும் புறமுமாக விரல் வைத்து, சுவரை மேலே இழுக்க வேண்டும். எப்படியோ ஒரு கிண்ணம் எழுந்துவிட்டால் உள்ளம் குளிர்ந்துவிடும். அப்போது ஆசிரியை மெல்லிய கம்பியுடன் வருவார். கிண்ணத்தை உச்சி முதல் அடி வரை இரண்டாகப் பிளப்பார். சுவர் எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்று வெட்டு முகத்தில் காட்டுவார். பிறகு இரு பாதிகளும் மண் தொட்டிக்குப் போகும். முதல் இருபது பாண்டங்களுக்கு இதுவே கதி என்பது அக்கூடத்தின் நியமம். நண்பர் ஒரு கிண்ணத்தை ஈரத் துணியால் மூடிப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். ஆசிரியை புன்னகையுடன் துணியை விலக்கி அதையும் பிளந்தார். அடிப்பாகம் ஒன்றரை அங்குலம் இருந்தது! அத்துணை கனமான அடி எளிதில் உலராது. சூளையில் வெடித்துப் பக்கத்துப் பாண்டங்களையும் உடைத்திருக்கும். பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கே பதறும் நம் குடும்பங்களில், இருபது முறை வெட்டுப்படுவதற்கென்றே ஒன்றைச் செய்து பழகும் வகுப்பு வேறு எங்கே இருக்கிறது?

அக்கூடத்தில் இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றி எழுதாவிடில் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. அறுபதைக் கடந்தவர், இங்குப் பிரஜாபதி என்று வழங்கும் குயவர் குலத்தவர். மண்ணைக் கரைப்பது, சலிப்பது, ஊறவைப்பது, சூளைக்குப் பாண்டம் ஏற்றுவது யாவும் அவர் வேலை. கல்லூரிப் பதிவேட்டில் அவர் 'உதவியாளர்'. மாணவர் அனைவரும் அவரைக் காகா என்றே அழைப்பர். குஜராத்தியில் அது சிற்றப்பனைக் குறிக்கும் சொல். முதல் நாள் அம்மாள், "காக்கையைக் கூப்பிடுகிற மாதிரியல்லவா இருக்கு" என்று தயங்கினார். மறு வாரமே எல்லோரையும் விட உரக்கக் கூப்பிட்டவர் அவர்தாம்.

ஒரு மாலை ஆசிரியை வர நேரமாயிற்று. காகா வெறுமனே இருந்த ஒரு சக்கரத்தில் பத்துக் கிலோ மண்ணைப் போட்டார். நாங்கள் ஐந்து வாரம் போராடிய அந்த நடு நிலையை அவர் கண் இமைக்கும் நேரத்தில் எட்டினார். பின் அம்மண் கூம்பின் உச்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அகல் விளக்குகளை விரலால் கிள்ளி எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டே போனார். எல்லாம் ஒரே அளவு. எடை பார்க்கவில்லை, அளவுகோல் இல்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். கற்றதாக அவருக்கு நினைவில்லை. ஆறு வயதில் தந்தையின் சக்கரத்தடியில் விளையாடியது மட்டும் நினைவிருக்கிறதாம். பட்டம் இல்லாத காரணத்தால் அவர் கற்பிக்கலாகாது. கற்பிப்போர் அனைவரும் அவர் பதப்படுத்திய மண்ணைக் கொண்டே கற்பிக்கின்றனர். இது ஒரு கல்லூரியின் குறை மட்டுமன்று. பல இடங்களில் உள்ள ஏற்பாடே இதுதான். ஆயினும் எங்களுக்கு அது உறுத்திற்று. நம் பழந்தமிழர் குயவரை வேட்கோ என்றனர். புறநானூற்றில் 228, 256 என்னும் எண்ணுடைய இரு பாடல்கள் தாழி வனையும் குயவரையே முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டவை. ஒன்று மன்னன் இறந்தபோது, மற்றொன்று கணவனை இழந்த பெண்ணின் கூற்றாக. பேரிழப்பு நேர்ந்தபோது புலவர் யாரை நோக்கிப் பேசினர் என்பதைக் கருதுக. ஆசிரியையும் இதை உணராதவர் அல்லர். ஆறாவது வாரம் முதல் சக்கரப் பயிற்சியின்போது காகாவைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார்; எங்கள் கைகளைத் திருத்தியது பெரும்பாலும் அவரே.

கல்லூரி தரும் அறிவு வேறு வகையானது. அதனையும் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. நெருப்பைப் பற்றிய அறிவு அது. பாண்டம் உலர்ந்துவிட்டது என்று நாம் நினைத்தாலும் ஈரம் எஞ்சியிருக்கும்; சூளையில் அது நீராவியாகி வழி தேடும்; அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் பாண்டம் சிதறும். ஆகவே முதல் சில மணி நேரம் 100 பாகையைத் தாண்டாமல் காத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு நீர் உண்டு. அது ஈரமன்று, களிமண்ணின் மூலக்கூறோடு பிணைந்து கிடப்பது. தூய வெள்ளைக் களிமண்ணின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 14 பங்கு இந்நீர்தான். சுமார் 450 பாகை முதல் 600 பாகைக்குள் அது வெளியேறும். வெளியேறிய பின் எத்தனை நாள் தண்ணீரில் ஊறவைத்தாலும் அது மீண்டும் களிமண் ஆகாது. இதற்கிடையே 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் துகள் திடீரென விரியும். குளிரும்போது அதே பாகையில் திடீரெனச் சுருங்கும். அந்த இடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகக் கடக்காவிடில் விரிசல் காணும். முதற் சூடு சுமார் 1000 பாகையில் முடியும். மெருகு பூசிய பின் இரண்டாம் சூடு 1200 பாகைக்கு மேல் செல்லும்.

சூளைக்குள் உண்மையில் எவ்வளவு வெப்பம் பாய்ந்தது என்பதை அறிய, விரல் அளவுள்ள சிறு கூம்புகளை உள்ளே வைப்பர். குறித்த வெப்பம் எட்டியதும் கூம்பு தலை வணங்கும். 1886-இல் இதனை வகுத்தவர் சேகர் என்னும் ஜெர்மானிய வேதியியலார். (நம் ஊர்ச் சேகர் அல்லர்!) ஆலையில் முப்பதாண்டுகள் உலைகளை ஆண்ட பொறியாளர் ஐயாவுக்கு இப்பகுதியில்தான் உயிர் வந்தது. சக்கரத்தில் தோற்ற அவர், சூளைக் குறிப்பேட்டைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மணிக்கு ஒரு முறை எழுந்து சென்று பார்ப்பார்.

இவ்விடத்தில் நம் இல்லங்களில் உள்ள ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து இரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஊறுகாய் ஜாடி நம்மில் பலர் வீட்டில் இருக்கும். ஊறுகாயை ஏன் மண்சட்டியில் போடாமல் ஜாடியில் போட்டனர் நம் பாட்டிமார்? குறைந்த சூட்டில் வெந்த மண்பானையின் உடலெங்கும் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு. நீர் அவற்றின் வழியே கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகி, உள்ளே உள்ள நீரைக் குளிர்விக்கிறது. வடோதராவின் சித்திரை வெயிலில் காற்று உலர்ந்திருப்பதால் பானைத் தண்ணீர் சென்னையில் இருப்பதைவிட இங்கு நன்கு குளிரும். ஆனால் உப்பும் புளிப்பும் அதே துளைகளில் புகுந்து பானையை உதிரச் செய்யும். ஜாடி மண்ணோ மிகுந்த சூட்டில் பாதி கண்ணாடியாக உருகி இறுகியது, துளையில்லை, உப்பு ஒன்றும் செய்யாது. ஒன்று கசிவதால் பயன்படுகிறது. மற்றொன்று கசியாததால் பயன்படுகிறது. குயவரின் சூளைக்கும் கல்லூரிச் சூளைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. உயர்வு தாழ்வு பேச இதில் இடமில்லை.

மெருகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பாண்டத்தின்மேல் பூசப்படும் குழம்பு சாயமன்று; உருகிக் கண்ணாடியாகும் கல்தூள். அதில் செம்பின் உப்பு சேர்ந்தால் பச்சை. அதே செம்பு காற்றுக் குறைந்த தீயில் செந்நிறம் கொள்ளும். இரும்பு பழுப்பும் கறுப்பும் தரும். கோபால்ட் நீலம் தரும். எங்கள் சூளை மின்சாரச் சூளையாதலால் செம்பின் செந்நிறத்தை நாங்கள் காணவில்லை. ஒன்று மட்டும் இல்லத்தரசியர் மனத்தில் கொள்ளத்தக்கது: சந்தையில் அழகுக்கென விற்கும் சில பளபளப்பான பாத்திரங்களின் மெருகில் ஈயம் கலந்திருக்கக்கூடும். புளியும் எலுமிச்சையும் அந்த ஈயத்தைக் கரைத்து இழுக்கும். உணவுக்கு உரியது என உறுதியாகத் தெரியாத பாத்திரத்தில் இரசம் ஊற்றலாகாது.

நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பு காகா விடுப்பு எடுத்தார். அவர் அழைப்பின்பேரில் ஒரு ஞாயிறன்று அவர் வசிக்கும் குயவர் தெருவுக்குச் சென்றோம். வாசல்தோறும் 'கர்போ' என்னும் சிறு பானைகள் அடுக்கப்பட்டிருந்தன. பானையின் உடலில் துளைகள் இட்டு, உள்ளே விளக்கேற்றி, அதனைச் சுற்றி ஆடுவதே கர்பா ஆட்டத்தின் மூலம். துளையிடும் வேலை மண் தோல்போல் விறைத்த பதத்தில் நடக்கிறது. எங்களுக்கு இப்போது அந்தப் பதத்தின் பெயர் தெரிந்திருந்தது. காகாவின் மருமகள் சுண்ணம் பூசிக் கோலமும் கண்ணாடித் துண்டும் பதித்துக்கொண்டிருந்தார். அவ்வீட்டில் பெண்கள் சக்கரத்தில் அமர்வதில்லை. குலத்தின் பழைய தடை. கல்லூரியில் சக்கரத்தில் அமர்ந்தவரில் பாதிக்கு மேல் பெண்கள்! இதைச் சொன்னபோது மருமகள் சிரித்தார். காகா பதில் சொல்லவில்லை. நம் வீடுகளில் பண்ணுருட்டிப் பொம்மைகளைப் படியில் அடுக்கும் அதே ஒன்பது நாட்களில் இவர்கள் வீட்டு மண்ணும் விளக்கேந்துகிறது. இத்தனை ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் அத்தெருவுக்கு நம்மில் எவரும் சென்றதில்லை என்பது வியப்பே.

கர்போ வாங்கினோம். விலை கேட்டபோது அம்மாள் வழக்கம்போல் பேரம் பேச வாய் எடுத்தார். பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் குயவர்களுக்கு மின்சக்கரம் வழங்கிவருகிறது. அவ்வீட்டிலும் ஒன்று இருந்தது. ஆயின் அதில் அமர்வதற்குக் காகாவுக்குப் பின் ஆள் இல்லை. மகன் மோர்பியில், நாட்டின் தரை ஓடுகளில் பெரும்பகுதி உருவாகும் அவ்வூரில், ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார். அதுவும் மண் வேலைதான் என்கிறார் காகா. கை மட்டும் படுவதில்லையாம்.

மகன் விட்டுச் சென்ற அந்த இடத்தை நோக்கித்தான் நம் மாணவி நடக்க விரும்புகிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெறக்கூடியவள். மண்பாண்டக் கலையையே பட்டப்படிப்பாக எடுக்கப் போவதாக வீட்டில் சொன்னாள். தந்தையார் சினந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வியே: குயவர் மகனே விட்டு ஓடும் தொழிலில் நீ என்ன பிழைப்பாய்? நாங்கள் நால்வரும் அவர் இல்லத்துக்குச் சென்று பேசினோம். அறிவுரை கூறப் போகவில்லை; தெரிந்ததைச் சொன்னோம். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி; அங்கு மண்பாண்டக் கலைக்கெனத் தனிப் பட்டப்படிப்பு உண்டு. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையில் பயின்றவர்கள் நாடெங்கும் இத்தொழிலில் வாழ்கின்றனர். அதே சமயம் ஒரு சூளையும் சக்கரமும் வாங்கக் கைப்பணம் வேண்டும் என்பதையும், முதற் சில ஆண்டுகள் வருவாய் நிச்சயமில்லை என்பதையும் பொறியாளர் ஐயா மறைக்கவில்லை. மாணவியின் தாயார் அதுவரை பேசாதிருந்தவர், அவள் செய்த டம்ளரை எங்கள் முன் வைத்தார். சுடும்போது மண் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும். அவள் அதனைக் கணக்கிட்டுப் பெரிதாகச் செய்திருந்தாள். வீட்டுப் பித்தளை டவராவுக்குள் அது சரியாக அமர்ந்தது. தந்தையார் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறியியலுக்கும் கவின்கலைக்குமாக இரண்டு விண்ணப்பங்கள் போடுவதென்று அன்று முடிவாயிற்று. எதில் சேர்வாள் என்பது தேர்வு முடிவு வந்த பின்னரே தெரியும்.

சேர விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுதல் வேண்டும்; மோதிரமும் வளையலும் வீட்டில் இருக்கட்டும். பழைய பருத்தித் துணி ஒன்றும் கைத்துண்டு இரண்டும் போதும். மண்ணும் கருவியும் கூடத்தில் உண்டு. முதுகு வலி உள்ளோர் தாழ்ந்த இருக்கையைத் தவிர்த்து, மேசையில் கையால் செய்யும் முறையை மட்டும் கற்கலாம். கயிறு போல் மண்ணைத் திரித்து அடுக்கிச் செய்யும் பாண்டங்கள் சக்கரத்தில் செய்தவற்றுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. மூடியுள்ள பாத்திரம் செய்வோர் மூடியையும் உடலையும் ஒரே மண்ணில் ஒரே நாளில் செய்க. இல்லையேல் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும். மழைக்காலத்தில் பாண்டம் உலர நெடுநாள் பிடிப்பதால் தொடக்க வகுப்பு ஐப்பசியை ஒட்டியே தொடங்கும். காகா இன்னும் ஓராண்டு பணியில் இருப்பார்.